மதுரை இட்லியிலிருந்து நெல்லை அல்வா வரை: இருவர் காரில் ஒரு நாள்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் சுமார் 160 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் போனால் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த மூன்று மணி நேரத்தை ஒரு முழுப் பகலாக நீட்டி, எந்த ஊர் எதற்குப் பேர்போனதோ அதை அந்த ஊரிலேயே, அதற்குரிய வேளையில் சாப்பிட்டுக்கொண்டு போவதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் நான்கு முறை இப்படிப் போயிருக்கிறோம். இருவருக்கும் கார் ஓட்டத் தெரியும். புதிதாகக் கார் வாங்கிய தம்பதிக்கும், பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போனபின் வீட்டில் இரண்டு பேராக ஆனவர்களுக்கும் முதல் பயணமாக இதைத் துணிந்து சொல்வேன். தூரம் குறைவு, சாலை நல்ல சாலை, பசி என்றால் பத்து நிமிடத்தில் ஓர் ஊர் வந்துவிடும்.

முதல் முறை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மதியம் இருவரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். எழுந்த கையோடு இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். சாத்தூர் தாண்டிக் கம்பி மாதிரி நேரான சாலை, வெளியே வெயில், உள்ளே ஏசி. நான் கண்ணை மூடிவிட்டேன். கரகரவென்று ஏதோ உரசுகிற சத்தம் கேட்டு விழித்தால், இடப்பக்கச் சக்கரம் சாலை ஓரத்து மண்ணில் இறங்கி ஓடிக்கொண்டிருக்கிறது. "என்னங்க!" என்று நான் போட்ட சத்தத்தில்தான் இவர் கண் திறந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஒரு விதி வைத்தோம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த விதிமேல்தான் நிற்கிறது: சாப்பாடு வருவதற்கு முன்பே அடுத்து யார் ஓட்டுவது என்று பேசி முடிக்க வேண்டும். ஓட்டப்போகிறவருக்குப் பாதி வயிறு. மற்றவர் ஆசை தீரச் சாப்பிடலாம். அடுத்த ஊரில் முறை மாறும்.

ஒருவர் மட்டும்தான் ஓட்டுவார் என்றால், அவர் பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டு, கனமான சாப்பாட்டை நெல்லையில் சாவியைக் கீழே வைத்தபிறகு சாப்பிட வேண்டும். வேறு வழி இல்லை. அவருக்கு வேண்டியதை மற்றவர் பொட்டலமாக வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

முந்தின நாள்

வழியை முதலில் மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மதுரை, திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு, நெல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்காகச் சுற்றிப் போவதால் மொத்தம் சுமார் 230 கிலோமீட்டர் ஆகும். "நேராக விருதுநகர் போய்விட்டால் 70 கிலோமீட்டர் மிச்சமாச்சே" என்று தோன்றும். ஆனால் நேராகப் போனால் காலை ஒன்பது மணிக்கே விருதுநகரில் நிற்பீர்கள். அந்த நேரத்துக்குப் பரோட்டாக் கல் சூடாகியே இருக்காது. இந்தப் பயணத்தில் தூரத்தைப் பார்த்து நேரம் குறிக்கக் கூடாது, அடுப்பைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். காலைக்கு இட்லியும் பால்கோவாவும், நடுப்பகலுக்குப் பரோட்டா, மூன்று மணிக்குக் காராச்சேவு, நான்கு மணிக்குக் கடலைமிட்டாய், பொழுது சாயும்போது அல்வா. இந்த வரிசையில் போனால் எந்தக் கடை வாசலிலும் பூட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்காது.

எந்த நாளில் போவது? மார்கழியும் தையும் மாசியும் மிக நல்ல மாதங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கார்த்திகை தொடங்கித் தை மகரவிளக்கு வரை திருமங்கலம், ராஜபாளையம் சாலை முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இருக்கும், நடந்து போகிறவர்களும் இருப்பார்கள். விடிவதற்கு முன் அந்தச் சாலையில் வேகம் வேண்டவே வேண்டாம். ஆடிப்பூரத் தேர் சமயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் கார் நுழையாது. சித்திரை, வைகாசி வெயில் கொளுத்தும், ஆனால் நுங்கும் பதநீரும் கிடைப்பது அப்போதுதான். எனக்கு அதற்காகவே அந்த வெயில் பரவாயில்லை.

வண்டிக்கு: டயர் காற்றை ஓடுவதற்கு முன், குளிர்ந்த டயரில் பாருங்கள். எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று இரவே பார்த்துவிடுங்கள். கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் என்று வழியில் சுங்கச்சாவடிகள் வரும். ஃபாஸ்டேக்கில் காசு இல்லாமல் போனால் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டையும் இருவர் போனிலும் சேமித்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு: மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா நான்கு. இதைத்தான் புதிதாகப் போகிறவர்கள் யாரும் எடுப்பதில்லை. சேவுப் பொட்டலத்து எண்ணெய் சீட்டில் இறங்கினால் லேசில் போகாது. கை துடைக்க ஈரத்துணி இரண்டு, சோப்பு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பிளாஸ்கில் சீரகத் தண்ணீர். சில்லறை நோட்டுகள். போனில் பணம் அனுப்பும் வசதி எல்லாக் கடையிலும் வந்துவிட்டது, ஆனால் பதநீர் விற்கிற பாட்டியிடம் பத்து ரூபாய் நோட்டுத்தான் செல்லும்.

காலை ஆறரை: மதுரை

வெளியூர்க்காரர்கள் முந்தின இரவே மதுரை வந்து தங்கிவிடுங்கள். காலையில் இட்லி. பொங்கல் வேண்டாம், பூரி வேண்டாம். நெய்ப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டுவது தூக்கத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைப்பது மாதிரி. மதுரையில் இட்லிக்குப் பெரிய ஓட்டல் தேட வேண்டியதில்லை. தெருமுனையில் அடுப்பு வைத்து, துணியில் ஊற்றி எடுக்கிற அம்மாக்களின் இட்லி போதும். துணியை உரிக்கும்போது இட்லியின் அடியில் நெய்த தடம் அச்சாக விழுந்திருக்கும், அதைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். தேங்காய்ச் சட்னி, காரச் சட்னி, மேலே சாம்பார். ஓட்டுகிறவருக்கு இரண்டு, மற்றவருக்கு நான்கு. பிறகு ஒரு காபி.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. கழிவறை விஷயத்தைக் "போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். தங்கின இடத்தில் ஒரு முறை, அப்புறம் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒவ்வொரு ஓட்டலிலும் ஒரு முறை, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். நடுவில் வேண்டுமென்றால் பெரிய பெட்ரோல் பங்க். கேட்கத் தயங்கித் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு மதியம் தலைவலியில் படுத்தவள் நான். பங்க்கில் கழிவறை வைத்திருக்க வேண்டியது அவர்கள் கடமை, தைரியமாகச் சாவி கேட்கலாம்.

திருமங்கலத்தில் நான்குவழிச் சாலையை விட்டு வலப்பக்கம் ராஜபாளையம் சாலையில் திரும்ப வேண்டும். தே. கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர். மதுரையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். சாலை வேலை நடக்கிற இடங்களில் வழி மாற்றிவிட்டிருப்பார்கள், நிதானமாகப் போங்கள். கிருஷ்ணன்கோவில் நெருங்கும்போது வலது கைப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்து நிற்கும். காலை வெயில் நேராக மலைமேல் அடிக்கும் நேரம் அது. ஓட்டாதவர் பார்த்துக்கொள்ளலாம், ஓட்டுகிறவருக்காக ஒரு இடத்தில் நிறுத்தவும் செய்யுங்கள்.

காலை ஒன்பதரை: ஸ்ரீவில்லிபுத்தூர்

முதலில் ஆண்டாள் கோயில், அப்புறம் பால்கோவா. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், கடை எங்கும் ஓடாது. பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே நடந்து வந்தால் இட்லி செரித்திருக்கும்.

பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் மட்டும்தான் சரக்கு. அகலமான இரும்புச் சட்டியில், விறகடுப்பில், கை விடாமல் கிண்டிக் கிண்டிச் சுண்டவைக்கிறார்கள். கடையின் பின்கட்டில் கிண்டுகிற இடம் இருந்தால் "பார்க்கலாமா அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பால் பொங்கி, குறுகி, சட்டியின் ஓரத்தில் படிகிற ஏட்டைக் கரண்டியால் வழித்து வழித்து நடுவில் தள்ளுவார்கள். அந்த ஏடுதான் பிறகு நாக்கில் மணல் மணலாக நெருடுகிறது.

வாங்கும்போது "இன்னைக்குக் கிண்டினதா?" என்று கேளுங்கள். முதலில் நூறு கிராம் மட்டும் வாங்கி, அங்கேயே நின்று இருவரும் சாப்பிட்டுப் பாருங்கள். நல்லது என்றால் இளம் பழுப்பாக, கை பட்டால் நெய் ஒட்டுகிற மாதிரி இருக்கும், மாவு மாதிரி வாயில் அப்பாது. பிடித்திருந்தால் வீட்டுக்கும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: இது பால் பண்டம். வெயிலில் நிற்கிற காரின் டேஷ்போர்டில் வைத்தால் சாயங்காலத்துக்குள் புளிப்பு வாடை வரும். சீட்டுக்குக் கீழே, நிழலில், டப்பாவில் வையுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் பிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

இங்கிருந்து ஓட்டுகிறவர் மாறட்டும். சிவகாசி சுமார் 20 கிலோமீட்டர், அங்கிருந்து விருதுநகர் இன்னொரு 25 சொச்சம். சிவகாசிச் சாலையின் இருபுறமும் பட்டாசுக் கடைகள் கூப்பிடும், விலையும் குறைவாகத்தான் இருக்கும். வாங்காதீர்கள். பகல் முழுக்க வெயிலில் நின்று நின்று போகப்போகிற காரில் பட்டாசுப் பெட்டி ஆகவே ஆகாது. தீபாவளிக்கு வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக வாருங்கள்.

நடுப்பகல்: விருதுநகர்

இந்த நாளின் நடு இதுதான். முழுதாக ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

விருதுநகர் பரோட்டாவை மற்ற ஊர்ப் பரோட்டாவோடு சேர்க்கக் கூடாது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். குழிந்த பெரிய கல்லில் எண்ணெய் தேங்கி நிற்க, அதில் பரோட்டாக்களை வட்டமாக அடுக்கிப் பொரிக்கிறார்கள். எண்ணெய்ப் பரோட்டா என்றும் பொரித்த பரோட்டா என்றும் சொல்வார்கள். மேலே முறுகி, உள்ளே ஏடு ஏடாக மெத்தென்று இருக்கும். எண்ணெயும் பருப்பும் வற்றலும் காலங்காலமாகக் கைமாறுகிற சந்தை ஊர் இது, இங்கே இப்படி ஒரு பலகாரம் வந்ததில் வியப்பில்லை.

சாப்பிடும் முறை முக்கியம். பரோட்டா இலையில் விழுந்ததும் சால்னாவை ஊற்றிவிடாதீர்கள். முதலில் ஒன்றை வெறுமனே பிட்டு வாயில் போடுங்கள். அந்த மொறுமொறுப்பு இரண்டு நிமிடம்தான் நிற்கும். இரண்டாவதை உள்ளங்கையால் அழுத்தி நொறுக்கி, அதன்மேல் சால்னா ஊற்றி, நொறுங்கினது ஊறுவதற்கு முன்பே அள்ளிவிட வேண்டும். கூட ஒரு மட்டன் சுக்கா வாங்கி இருவரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள், நறுக்கின வெங்காயத்தைக் கேட்டு வாங்குங்கள். சைவக்காரர்கள் சால்னாவைப் பற்றி முதலிலேயே கேட்டுவிட வேண்டும், பரோட்டாக் கடைச் சால்னா பெரும்பாலும் கறிச் சால்னாதான். அவர்களுக்குச் சைவ ஓட்டலில் மதியச் சாப்பாடு நல்ல வழி.

எந்தக் கடை என்று கேட்பீர்கள். பேர்பெற்ற பழைய கடைகள் இருக்கின்றன, யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: கல் வாசலிலேயே இருக்கிறதா, அதில் இப்போது பரோட்டா வெந்துகொண்டிருக்கிறதா? அடுக்கி வைத்ததை எடுத்துத் தருகிற கடையில் உட்காரவே மாட்டேன். சில கடைகள் மாலையில்தான் திறக்கும் என்பதால், ஊருக்குள் நுழைந்ததும் ஓர் ஆட்டோக்காரரிடம் "இந்நேரம் எங்கேண்ணே பரோட்டா போடுவாங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து ஓட்டப்போகிறவருக்கு இரண்டே பரோட்டா. கடினமாகத்தான் இருக்கும். நான் ஓட்ட வேண்டிய முறையில், இவர் ஐந்தாவதைக் கேட்டபோது எனக்கு ஆற்றாமையாகவே இருந்தது. அடுத்த முறை இதே ஊரில் ஓட்டும் முறையை மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான். ஒவ்வொரு பயணத்திலும் விருதுநகர் யாருக்கு என்று வீட்டிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

சாப்பிட்டதும் காரில் ஏறாதீர்கள். தெப்பக்குளம் பக்கம் கொஞ்சம் நடங்கள். காமராசர் பிறந்து வளர்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது, நேரம் ஒத்துவந்தால் போய்ப் பாருங்கள். 1903இல் பிறந்தவர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சர். அந்த வீடு எவ்வளவு சின்னது என்பதை நின்று பார்க்க வேண்டும். வயிறு நிறைந்த நேரத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தவரின் வீட்டு வாசலில் நின்றபோது நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

தூக்கம் கண்ணைச் சுழற்றினால் வெட்கப்படாமல் இருபது நிமிடம் தூங்குங்கள். நான்குவழிச் சாலை வந்தபோது ஓரத்துப் புளியமரங்கள் எல்லாம் போய்விட்டன, நெடுஞ்சாலையில் நிழலே கிடையாது. அதனால் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன், ஊருக்குள்ளேயே ஒரு வேப்பமர நிழலைப் பார்த்து நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டுத் தூங்குங்கள். ஏசியை ஓடவிட்டுக் கண்ணாடியை மூடித் தூங்கவே கூடாது, புகை உள்ளே வந்தால் தெரியாமலே உயிர் போகும்.

மூன்று மணி: சாத்தூர்

விருதுநகரிலிருந்து சுமார் 27 கிலோமீட்டர். இந்தப் பகுதியில் சாலை நேராகப் போகும், கண்ணை ஏமாற்றும். ஊர் விலக்குகளில் பஸ் திடீரென்று நிற்கும், டிராக்டர் எதிர்த்திசையில் வரும், செம்மறியாட்டு மந்தை ஒன்று சாவகாசமாகக் குறுக்கே நடக்கும். ஓட்டாதவர் தூங்கக் கூடாது என்பது எங்கள் இரண்டாவது விதி. பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

இன்னொன்று, இது மழைக்காலத்துக்கு. ஐப்பசி, கார்த்திகையில் போனால் காரைத் தார்ச்சாலையை விட்டு ஓரத்து மண்ணில் இறக்காதீர்கள். இது கரிசல் பூமி. காய்ந்திருந்தால் கல் மாதிரி இருக்கும், நனைந்தால் களிதான். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் டயரின் பள்ளமெல்லாம் அடைத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் நின்ற இடத்திலேயே சுழலும். படம் எடுக்க வேண்டுமென்றாலும் சர்வீஸ் ரோட்டில் மட்டும் நிறுத்துங்கள்.

பைபாஸில் போனால் சாத்தூர் வந்ததே தெரியாமல் கடந்துவிடும். போன் மேப் உங்களைப் பைபாஸிலேயேதான் கூட்டிக்கொண்டு போகும், "சாத்தூர் பஸ் நிலையம்" என்று போட்டால்தான் ஊருக்குள் திருப்பும். விருதுநகர், கோவில்பட்டி எல்லாவற்றுக்கும் இதேதான்.

காராச்சேவுக் கடையைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு கண்டுபிடித்துவிடும். கடலை மாவில் வற்றல் பொடியும் பூண்டும் சேர்த்துப் பிசைந்து, ஓட்டைக் கரண்டியில் வைத்து உள்ளங்கையால் தேய்க்கத் தேய்க்க, சேவு துண்டு துண்டாக எண்ணெயில் விழும். விழுந்ததும் எண்ணெய் நுரைத்து மேலே வரும். அந்த நுரை அடங்கியதும் அரித்து எடுப்பார்கள். சூட்டில் சேவு கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு. அதனால் சுடச்சுட வாங்கினால் பொட்டலத்தைக் கட்டச் சொல்லாதீர்கள். ஆவி உள்ளேயே நின்று சேவு நமுத்துப்போகும். டப்பாவில் கொட்டி, பத்து நிமிடம் மூடாமல் வைத்துவிட்டு அப்புறம் மூடுங்கள்.

பேச்சும் இங்கே மாறத் தொடங்கும். மதுரையில் "அண்ணே" என்று கூப்பிட்ட வாய் இங்கிருந்து "அண்ணாச்சி" என்று கூப்பிடப் பழக வேண்டும். "அண்ணாச்சி, பூண்டுச் சேவு கால் கிலோ, கருப்பட்டிச் சேவு கால் கிலோ." அரைக் கிலோவுக்குமேல் வேண்டாம், இன்னும் ஊர்கள் இருக்கின்றன. வெள்ளரிக் காலமாக இருந்தால் சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சை விடாதீர்கள். கீறி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவித் தருவார்கள். ஓட்டுகிறவர் மனம் நிறையச் சாப்பிடலாம், தூக்கம் வராது. மதியம் இரண்டு பரோட்டாவோடு எழுந்தவருக்கு இது ஆறுதல்.

நான்கு மணி: கோவில்பட்டி

25 கிலோமீட்டர் சுமார். கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு வந்தது. கரிசலில் விளைகிற கடலை, வெல்லப் பாகு, மேலே வண்ணத் தேங்காய்ப்பூத் தூவல். பாகின் பதம்தான் எல்லாமே. ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள்: பட்டென்று ஒடிய வேண்டும், பல்லில் இழுக்கக் கூடாது. இங்கே தங்க வேண்டியதில்லை. டீ ஒன்று, ஆளுக்கு ஒரு துண்டு, ஊருக்கு நான்கு பாக்கெட், கிளம்ப வேண்டியதுதான். இது கெடாத பண்டம். அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க எதை வாங்குவது என்று யோசிக்கிறவர்கள் இதை வாங்கலாம்.

ஓட்டுகிறவர் மாறுகிற கடைசி இடம் இது. இனி நெல்லை வரை 55 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கயத்தாறு நெருங்க நெருங்க இருபுறமும் காற்றாலைகள். ஆடிக் காற்றில் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும். லாரியை முந்தும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள், லாரியின் மறைப்பைத் தாண்டி வெளியே வருகிற நொடியில்தான் காற்று அறையும்.

கயத்தாற்றில் சாலையை ஒட்டியே கட்டபொம்மன் நினைவிடம். 1799 அக்டோபர் 16இல் அவரைத் தூக்கிலிட்ட ஊர் இது. இறங்கி, பத்து நிமிடம் நின்று, முதுகை நிமிர்த்திவிட்டு ஏறுங்கள்.

சித்திரை, வைகாசி என்றால் இதற்குப் பிறகு கண்ணைச் சாலை ஓரத்தில் வையுங்கள். பனையோலைப் பந்தலுக்குக் கீழே பதநீர்ப் பானை இருக்கும். பனையோலையைக் குடலையாக மடித்துக் கட்டின பட்டையில் பதநீரை ஊற்றி, நுங்கை நோண்டி அதிலேயே போட்டுத் தருவார்கள். பட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, ஓலை முனையில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். முதல் முறை எனக்குச் சட்டையெல்லாம் நனைந்தது. அந்தப் பாட்டி என் கையைப் பிடித்து, பட்டையை எந்தக் கோணத்தில் சாய்க்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். ஓலையின் பச்சை வாசமும், பதநீரின் இனிப்பும், நடுவில் வழுக்கிக்கொண்டு வரும் நுங்கும் சேர்ந்து பகல் முழுக்க ஓட்டின அலுப்பை எடுத்துவிடும்.

பொழுது சாயும்போது: திருநெல்வேலி

புதிதாக வருகிறவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை மூன்றும் ஒரே மாநகரத்தில்தான் இருக்கின்றன. நெல்லையப்பர் கோயிலும் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருக்கிற இருட்டுக்கடை என்ற பேர்பெற்ற அல்வாக் கடையும் டவுனில். தங்குமிடங்கள் ஜங்ஷன் பக்கம் நிறைய. ஆகவே முதலில் அறைக்குப் போங்கள், காரை அங்கேயே விட்டுவிடுங்கள், முகம் கழுவிக்கொண்டு ஆட்டோவிலோ டவுன் பஸ்ஸிலோ ஈரடுக்குப் பாலத்தைத் தாண்டிப் போங்கள். மாலை நேரத்தில் ரத வீதிக்குள் காரைக் கொண்டுபோய் நிறுத்த இடம் தேடுகிறவர்களுக்கு அல்வா தீர்ந்த பிறகுதான் இடம் கிடைக்கும்.

அந்தக் கடை சாயங்காலத்தில் மட்டும்தான் திறக்கும், வரிசை நிற்கும். ஒருவர் வரிசையில் நில்லுங்கள், மற்றவர் கோயிலுக்குள் போய்வரலாம். கிடைக்காவிட்டால் மனம் விடாதீர்கள், நெல்லையில் நல்ல அல்வா போடுகிற கடைகள் ஜங்ஷனிலும் உண்டு. சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறுவது எல்லாவற்றுக்கும் பொது. ஊருக்கு வாங்குகிற அல்வாவைப் பிரிட்ஜில் வைக்க வேண்டாம், நெய் உறைந்துவிடும். டப்பாவில் வெளியே வைத்தாலே சில நாள் இருக்கும்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியாப்பமும் சொதியும் கிடைக்கிற இடமாக விசாரியுங்கள். தேங்காய்ப்பாலில் காய்களும் பாசிப்பருப்பும் போட்டு வைக்கிற சொதி, நெல்லைக் கல்யாண வீடுகளின் மறுவீட்டுச் சாப்பாட்டில் வருகிற குழம்பு. எண்ணெய்ப் பரோட்டாவும் சேவும் போன வயிற்றுக்கு அதைவிட இதமாக ஒன்று இல்லை.

ஆனால் அதற்கு முன்னால், கடை வாசலிலேயே, நூறு கிராம் அல்வாவைச் சுடச்சுட இலைத் துண்டில் வாங்கிக்கொள்ளுங்கள். சூட்டில் அது ஓர் இடத்தில் நிற்காது, நெய் வழிந்து இலை விளிம்புக்கு வந்துவிடும். ஓரமாக ஒதுங்கி நின்று, விரலால் நடுவில் ஒரு கோடு கிழித்துப் பிரியுங்கள். திகட்டினால் பையில் சாத்தூர்ச் சேவு இருக்கிறது, இரண்டு துண்டு போட்டுக்கொண்டு மறுபடி அல்வாவுக்கு வரலாம். கார் தங்குமிடத்தில் நிற்கிறது. அடுத்து ஓட்ட வேண்டியவர் யாரும் இல்லை. காலையிலிருந்து இவருக்குக் கொஞ்சம், எனக்கு நிறைய, எனக்குக் கொஞ்சம், இவருக்கு நிறைய என்று வந்தவர்கள், அந்த இலையில்தான் சரிபாதியாகச் சாப்பிடுவோம்.